கரைக்கு இந்தப் பக்கம்

நங்கூரக் கயிற்றைப் பாதி இழுத்த கையோடு சதீஷ் போனை எடுத்தான். ஆரணியிலிருந்து தங்கை தீபா.

"அண்ணா, நைனா பூட்டாருண்ணா."

கயிறு நழுவி மறுபடியும் கடலுக்குள் ஓடியது. "இன்னாடி சொல்றே?" என்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

கொரோனா இரண்டாவது முறை ஊரைப் பிடித்தபோது, "கரையைவிடக் கடலே தேவலை" என்று ஜெயக்குமார் சார் தன் சின்னப் பாய்மரப் படகைக் கிளப்பிவிட்டார். சதீஷ் அதில் சம்பள ஆள். சென்னையிலிருந்து காரைக்கால் வரை கரையோரமாகவே போய்த் திரும்பினால், இப்போதைக்கு யாரும் இறங்கக் கூடாது என்றுவிட்டது துறைமுகம். மாமல்லபுரத்துக்கு வெளியே நின்றார்கள். சவுக்குத் தோப்பும் போலீஸ் ஜீப்பும் கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற நாளாக இருந்தால், காலையில் பஸ் ஏறி மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம்.

படகில் நடக்க இடமில்லை. முன்முனைக்கும் சுக்கானுக்குமாக அலைந்தான். சுருட்டிய பாயை அவிழ்த்தான், திரும்பச் சுருட்டினான். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

ஜெயக்குமார் நங்கூரத்தைத் தானே இழுத்துப் போட்டு, இன்ஜினை முடுக்கிக் கரைப்பக்கம் திருப்பினார்.

மறுபடி மணி அடித்தது.

"எப்டி ஆச்சு?"

"ஒரு வாரமா ஜொரம். நேத்துலருந்து மூச்சு வாங்கிச்சு."

"ஒரு வாரமாவா? ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அவர்தாண்ணா வேணாம்னாரு. 'அவன் ஒர்த்தனாவது காத்தாட கீறான், இங்க இழுத்து வுடாத'ன்னாரு. உன் போன் வந்தா இருமல அடக்கிகினுதான் பேசுவாரு."

அப்பா தணிகாசலம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் பட்டுச் சேலைப் பார்சல்களை ஏற்றி அனுப்புகிறவர். கூப்பிடும்போதெல்லாம், "தண்ணியில ஆடுதே, சாப்டறது வயித்துல நிக்குதா?" என்பார். கடைசி முறை அதையும் கேட்கவில்லை. "பஸ்ஸு வந்துடிச்சி, வெச்சிடறேன்" என்றார். ஊரடங்கில் ஏது பஸ் என்று சதீஷுக்கு அப்போது தோன்றவில்லை.

இதற்குமேல் போனால் தரை தட்டும் என்று ஜெயக்குமார் இன்ஜினை நிறுத்தினார். வலை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகைச் சதீஷ் கையசைத்து நிறுத்தினான்.

"கரையில உட்றீங்களாண்ணே? எங்கப்பா செத்துட்டாரு."

படகுக்காரர் ஜீப் நின்ற பக்கம் பார்த்தார். "ஏறு தம்பி. பாத்துக்கலாம்."

"போ," என்றார் ஜெயக்குமார். "கேட்டா நான்தான் அனுப்பினேன்னு சொல்லு."

ஒரு காலைத் தூக்கும்போது வீடியோவில் தீபா வந்தாள். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் அங்கி. பின்னால் ஆற்றங்கரைச் சுடுகாடு. வெள்ளைப் பை ஒன்று கட்டைகளின் மேல் கிடந்தது. முகம் தெரியவில்லை.

"அடுத்த பாடிக்குப் போணுமாம்ணா. ஜல்தி ஜல்தின்றாங்க."

"நான் வந்துகினே கீறேன்."

"எப்டிண்ணா வருவே? தெருவ தகரம் வெச்சி அடிச்சிட்டாங்க. அம்மாவயே வெளிய உடல. நானே கொள்ளி வெக்கட்டா?"

சதீஷ் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அண்ணா, கேக்குதா?"

"வெய்யி, தீபா."

காற்றில் அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ, அவள் திரும்பினாள். கையை நீட்டினாள். படம் அப்படியே நின்றுவிட்டது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை தானாக அணைந்தது.

"இன்னா தம்பி?" என்றார் படகுக்காரர்.

அவன் வேண்டாமென்று தலையசைத்தான். அவர் இன்ஜினைப் போடாமல், துடுப்பால் தள்ளிக்கொண்டே கொஞ்சதூரம் விலகிப் போனார்.

சதீஷ் வாளியைக் கடலில் இறக்கி மொண்டு, சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டான். மறுபடி மொண்டான். மறுபடியும். உப்பு கண்ணைக் கரித்தது.

ஜெயக்குமார் உள்ளேயிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்தார்.

"வேணாம் சார். குடிக்க வேணுமில்ல."

அவர் மூடியைத் திருகி எடுத்தார். படகு ஆட, காலை அகட்டி ஊன்றி நின்று, கேனை அவன் தலைமேல் மெல்லச் சாய்த்தார்.