பட்டியலை மாற்றியவர்

அறக்கட்டளை அலுவலகத்தின் முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காலையில் முதலில் வருகிறவள் நான் என்பதால் என் பெயரில்தான் அது திறக்கும். மாலை வரை திறந்தே கிடக்கும். வரவேற்பில் இருந்த அக்கா, வண்டி ஓட்டும் அண்ணன், செயலாளர் என்று எல்லோரும் அதிலேயே வேலை பார்ப்பார்கள். நான் வராத நாளுக்கு ஆகட்டும் என்று என் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டச் சொன்னவர் செயலாளர். ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை அவரிடம் எழுதிக் கொடுத்தேன். நேரில் சொல்லக் கூச்சம். நாமெல்லாம் ஒரே குடும்பம், வீட்டுக்குள்ளே ஆளுக்கொரு பூட்டா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

நடக்க முடியாதவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் கட்டில், ஆக்சிஜன் மெஷின், சக்கர நாற்காலி எல்லாம் இரவல் கொடுப்பதுதான் அங்கே வேலை. பேட்டரியில் ஓடும் நாற்காலிகள் ஒன்பது. ஒன்று திரும்பி வந்தால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும்.

பதினான்கு மாதம் காத்திருந்த தையல்காரம்மா ஒருநாள் மகனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். போன மாதம் எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தன் நாற்காலி போய்விட்டது என்றார். பட்டியலைத் திறந்து பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வரிசை மாறியிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் விடுப்பில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரையில் இருந்த என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊமைக் கோட்டான் மாதிரி நிக்கிறியே பாப்பா," என்றார் செயலாளர். "பதில் இல்லைன்னா அதுதான் பதில்."

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாற்காலி போனது அவருடைய சம்பந்தி வீட்டுக்கு. அதை இறக்கி வைத்த வண்டிக்கார அண்ணன்தான் வாசலில் சொன்னார். நான் சொன்னேன்னு சொல்லிடாதேம்மா என்றும் சொன்னார். வீட்டுக்குப் போய் அறக்கட்டளைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அலுவலகத் தபாலைப் பிரிப்பவர் செயலாளர். பரிசீலிக்கப்பட்டது என்று அவர் கையெழுத்தோடு பதில் வந்தது. வேலை வாங்கிக் கொடுத்த பெரியப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சொந்தத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், கை சுத்தமில்லாத பொண்ணு என்று முடித்துக்கொண்டார்கள். அம்மா என் முன்னால் அழமாட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள்.

இரண்டு வருடம் போனது. சின்ன அமைப்புகளுக்கு வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடியாத பள்ளிகள், காப்பகங்கள், அறக்கட்டளைகள் எங்கள் வாடிக்கையாளர்கள். மெஷின் நின்றால் போன் செய்வார்கள். நாங்கள் இங்கிருந்தே அவர்கள் திரைக்குள் போய்ச் சரிசெய்வோம். முகம் காட்ட வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று அம்மா சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை சீனியர் புதிய வாடிக்கையாளரின் விவரத்தை அனுப்பினார். அந்த அறக்கட்டளை. பழைய மெஷின் வாரத்துக்கு இரண்டு தடவை படுத்துவிடுகிறதாம். ஓய்வுபெற்ற டாக்டரான தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் புதுசாக்கச் சொல்லிவிட்டார். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சீனியர் கேட்டார். நான் கை தூக்கியதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

முதல் போனிலேயே செயலாளர் பேசினார். என் நெஞ்சு அடித்த அடி அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. மூன்று வருடம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன், என் குரலை அவர் கேட்டதே இல்லை. வார்த்தைக்கு வார்த்தை மேடம் என்றார்.

ஆளுக்கொரு லாகின் என்றதும் மறுபடி அதே குடும்பக் கதை. இந்த முறை நான் சீட்டில் எழுதவில்லை, எங்கள் நிறுவனத்தின் பெயரில் தலைவருக்கு எழுதினேன். ஒரே நாளில் ஒப்புதல் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின், செயலாளர் மேஜைக்குத் தனியாக ஒரு புதிய கம்ப்யூட்டர். திறக்கும்போது அவரவர் போனுக்கு ஓடிபி வரும்.

கல்லூரியில் படித்தபோது இயற்பியல் சோதனைக்கூடத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. குறித்ததை அழிக்கக்கூடாது. தப்பு என்றால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். புதிய பட்டியலை அப்படித்தான் அமைத்தேன். எந்த வரியைத் தொட்டாலும் யார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்பது அடியில் நிற்கும். பழைய பதிவுகளையும் ஒன்று விடாமல் ஏற்றினேன், என் பெயர் உள்ள வரி உட்பட. இதையெல்லாம் விளக்கி எல்லோருக்கும் இரண்டு பக்கம் அனுப்பினேன். செயலாளர் அதைத் திறக்கவே இல்லை. திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த அமைப்பில் எந்த வரியையும் யார் பெயரிலும் என்னால் எழுத முடியும். ஒருநாள் மதியம் அவர் பெயரை டைப் செய்துகூடப் பார்த்தேன். பிறகு அழித்தேன். அவருக்கு நான் கொடுக்கப்போவது அவரே செய்ததாக இருக்க வேண்டும். மனுஷன் மாறமாட்டார், காத்திருந்தால் போதும்.

தினமும் காலையில் பட்டியலின் வரலாற்றைப் பார்த்தேன், புண்ணின் பொருக்கைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஏழாவது வாரம் வியாழக்கிழமை அது வந்தது. இருபத்து மூன்றாவது பெயர் இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்தது. நேரம் நான்கு பத்து. மாற்றியவர், செயலாளர்.

முறைப்படி சீனியரிடம் சொல்ல வேண்டும். அவர் தலைவருக்கு எழுதுவார், கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிப்பார்கள், உடல்நிலை காரணமாகச் செயலாளர் விலகினார் என்று ஒரு சுற்றறிக்கை வரும். என் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்குச் சாத்திய கதவு வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே எல்லோருக்கும் புதிய அமைப்பைக் கற்றுக்கொடுக்க ஒருவர் போக வேண்டியிருந்தது. நாற்காலி கொடுப்பது சனிக்கிழமை. நானே போகிறேன் என்றேன். கொடுப்பது புதன்கிழமையாக இருந்திருந்தாலும் வெள்ளி வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

முன்னறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வரவேற்பு அக்கா என்னைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடினாள். செயலாளர் ஒரு நொடி திகைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"அட, நம்ம பொண்ணு. போன்ல மேடம் மேடம்னு உன்னையா கூப்பிட்டேன்? பாருங்க டாக்டர், இங்க கத்துக்கிட்டுப் போனதுதான் எல்லாம்."

தலைவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் முதல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பயிற்சிக்கு மாதிரிப் பட்டியலைத்தான் காட்ட வேண்டும். நான் உண்மையான பட்டியலைப் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் திறந்தேன். இதற்காகப் பின்னால் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வாடிக்கையாளரிடமிருந்தும் என்னை மாற்றினார்கள். வரும் என்று தெரிந்துதான் செய்தேன்.

பெயரைச் சேர்ப்பது எப்படி, தேடுவது எப்படி என்று காட்டினேன். குரல் நடுங்கியது. இப்போது ஒரு வரியின் வரலாற்றைப் பார்ப்போம் என்று சொல்லி இரண்டாவது பெயரைத் தொட்டேன். சுவரில் விழுந்தது. முந்தைய இடம் இருபத்து மூன்று. மாற்றியவர். கிழமை, நேரம். வண்டிக்கார அண்ணன் அதை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்து, செயலாளர் என்ற இடத்தில் நிறுத்தினார்.

செயலாளரின் கால் கீழே இறங்கியது. "இது நான் இல்ல. யாரோ என் லாகின்ல பூந்து பண்ணியிருக்காங்க."

"அன்னிக்கு நானும் இதைத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றேன்.

ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போயிருக்கிறது என்று சொன்னேன். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் படித்தேன். பிறகு பழைய வரியைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பது, என் பெயர். குரல் இப்போது நடுங்கவில்லை.

"அன்னிக்கு நான் லீவு. எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வருகைப் பதிவேடு இங்கதான் இருக்கும், பாருங்க டாக்டர்."

எடுத்து வரச் சொன்னார் தலைவர். வரவேற்பு அக்கா கொண்டு வந்து, பக்கத்தைத் தானே புரட்டி அவர் மடியில் வைத்தாள். என் பெயருக்கு நேரே விடுப்பு என்று இருந்தது. அனுமதித்த கையெழுத்து செயலாளருடையது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார். கடிதம் எழுதினேன் என்றேன். அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். எந்தக் கடிதம் என்று கேட்கவில்லை. தபாலை யார் பிரிக்கிறார்கள் என்று கேட்டார்.

செயலாளர் எழுந்தார். "பெரிய மனுஷனை இப்படி நாலு பேர் முன்னாடி நிக்க வைக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இங்கதான் சார் நானும் நின்னேன்."

தலைவர் என்னிடம் ஒரு காகிதம் கேட்டார். எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார், பெரியப்பாவுக்கு ஒரு நகல் எழுத முடியுமா என்று கேட்டேன், அதையும் எழுதினார். மூன்றாவது காகிதத்தில் செயலாளரின் லாகினை உடனே மூடும்படி எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கோரிக்கை. அதைப் பதிவு செய்தேன். கோரிக்கை எண் வந்தது.

செயலாளர் தன் மேஜைக்குப் போய் அவசரமாக எதையோ திறந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் குடும்மா, பேத்தி போட்டோவெல்லாம் இதுல இருக்கு என்றார். அவர் என்னைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் கொடுப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. கொடுக்கவில்லை. பட்டனை அழுத்தினேன், அவர் திரை வெள்ளையானது.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வேலையை முடித்ததும் வாடிக்கையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைசி நாற்காலி வரை கேட்கும்படி கேட்டேன்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"