ஆமென் சொல்லாத பக்கம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபையின் பேரில் எதை எழுதினாலும் அச்சுக்குப் போகுமுன் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும், எல்லோரும் சொல்லும்வரை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாமல் நிற்கும். முதல் சபையாரில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தங்களுக்குத் தெரியாமல் தங்கள் பேரில் யாரும் எதையும் எழுதிவிடக் கூடாது என்று அவர்கள் வைத்த ஏற்பாடு. நூறு வருடத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை. நான் மூடிக்கொண்டேன்.

நான் கொத்தனார். ஐம்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். கற்றுக்கொடுத்தது என் மனைவி. சிமெண்டில் வெந்துபோன கையோடு வந்து பென்சிலைப் பிடிப்பேன். "காகிதத்தைப் பூசாதீங்க, எழுதுங்க" என்பாள்.

ஓரளவு படிக்க வந்ததும் போதகரிடம் போய்ப் பழைய அடக்கப் பதிவேட்டைக் கேட்டேன். அவர் ஊருக்குப் புதியவர்; எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் ஆனது. பெயருக்கு எதிரே, இறந்த காரணம்: காய்ச்சல். அதன் கீழே அம்மாவின் கைநாட்டு.

அப்பா ஆலயக் கோபுரத்திலிருந்து விழுந்து செத்தவர். அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மா கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரேதான் சாரம் பெயர்ந்தது. சாகும்வரை அதை ஒரே மாதிரிதான் சொன்னாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தான் விரலை உருட்டியது காய்ச்சல் என்ற சொல்லுக்குக் கீழே என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

நூறாவது ஆண்டுக்குச் சபை வரலாறு எழுதினார் எங்கள் செயலர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் சுத்தப்பிரதி என்போம். கூட்டத்தில் அவரே படித்தார். பதின்மூன்று பக்கம் ஆமென் வாங்கிக்கொண்டு ஓடியது. பதினாலாவது பக்கம் கோபுரம். "கர்த்தருடைய கிருபையால் எந்த உயிருக்கும் சேதமின்றிக் கோபுரம் எழும்பிற்று" என்று முடித்தார். ஆமென் முழங்கியது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"இந்தப் பக்கத்துக்கு நான் ஆமென் சொல்லல."

தொண்டை கட்டியிருக்கும் என்றார் முன் வரிசையில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். செயலர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவேட்டை வரவழைத்தார்.

"உங்க அம்மாவே கைநாட்டு வச்சிருக்காங்களே, கொத்தனாரே."

"வச்சாங்க சார். படிச்சுக் காட்டிட்டா வாங்கினாங்க?"

அந்தப் பதிவேட்டை எழுதியவர் செயலருடைய அப்பா. அன்றைக்கு அவர்தான் சபைச் செயலர், கோபுர வேலைக்கு மேற்பார்வையும் அவர்தான். இது தெரிந்த பழைய ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செயலரைக் கோபுரத்துக்குக் கூப்பிட்டேன். முழங்கால் வலியோடு அவர் ஏறினார். பின்னாலேயே போதகரும் படி கொண்ட மட்டும் சபையாரும்.

கோபுரத்தின் உள்சுவர் பூசாத செங்கல். அப்பாவுக்கு இடது கைப் பழக்கம் என்று அம்மா சொல்வாள். கரண்டியை அவர் வலமிருந்து இடமாக இழுப்பார். அதனால் இணைப்புக் கலவை இடது ஓரத்தில்தான் மெல்லப் புடைத்திருக்கும். கீழிருந்து மணி ஜன்னலுக்குப் பதினோரு செங்கல் வரி கீழே வரைக்கும் எல்லாம் அப்படித்தான். அதற்கு மேல் அத்தனையும் வலது ஓரத்தில். வரியை வரியாகத் தொட்டுக் காட்டினேன். கை மாறுகிற அந்த வரிக்குப் பக்கத்தில் சாரக்கழி செருகிய ஓட்டை. மற்ற ஓட்டைகளைச் சதுரமாக அரைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். இது மட்டும் விளிம்பு பிய்ந்து, ஒரு பிடி கலவையை அவசரமாக அப்பியது. பத்தொன்பது வயதில் மணிக்கூண்டு மராமத்துக்கு ஏறியபோதே இதை நான் பார்த்துவிட்டேன். சுவரைப் படிக்க எனக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை.

செயலர் அந்தப் பிய்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கீழே வந்து கேட்டார்.

"எங்கப்பா பொய் எழுதினார்னு என் கையால எழுதச் சொல்றீங்களா?"

"வேண்டாம் சார். எனக்குத்தான் இப்ப எழுத வருதே."

போதகர் பேனாவை நீட்டினார். உயிர்ச்சேதம் இல்லை என்ற வரியை அடித்தேன். இந்தக் கோபுரத்தைக் கட்டும்போது சாரம் பெயர்ந்து விழுந்து இறந்தவர் என்று எழுதி, அப்பாவின் பெயரையும் தேதியையும் போட்டேன். எழுத்து மேலும் கீழுமாகப் போனது. சுத்தப்பிரதியின் பக்கம் அசுத்தமானது. பிறகு எழுந்து நின்று முழுப் பக்கத்தையும் படித்தேன். மூன்று இடத்தில் தடுக்கினேன். முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரை ஆமென் சொன்னார்கள். செயலர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்த உரிமை உண்டே. பக்கம் நின்றது.

சமரசத்துக்கு ஆள் வந்தது. பெயர் போடாமல் 'ஊழியர் ஒருவர் மரித்தார்' என்று போட்டுக்கொள்ளலாமாம். பெயர் இல்லாத ஆளுக்கா அம்மா அழுதாள் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

நூறாவது ஆண்டு புத்தகமில்லாமலே நடந்து முடிந்தது. ஆலய வாசலில் ஒருவர், ஒரு ஆள் பிடிவாதத்தால் சபைக்கே வரலாறு இல்லாமல் போனதே என்று என் காதுபடச் சொன்னார்.

"ரெண்டு ஆள்னு சொல்லுங்கண்ணே" என்றாள் என் மனைவி. "சொல்றதைச் சரியாச் சொல்லணும்ல."

மாதாமாதம் கூட்டம் வருகிறது. மாதாமாதம் நான் எழுந்து பதினாலாவது பக்கத்தைப் படிக்கிறேன். செயலர் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருப்பதில்லை. நேரே என்னைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். போன வாரத்தோடு ஏழு தடவை ஆகிவிட்டது. இப்போது எங்கேயும் தடுக்குவதில்லை. பக்கம் முழுவதும் பார்க்காமலே வாயில் வரும். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் படிக்கிறேன்.