தெற்குப் பார்த்து வைத்த கக்கூஸ்

மக்தூம் மரைக்காயருக்குக் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அதை மடியில் போட்டுத் தாலாட்டத் தொடங்கிவிடுவார். ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம் அவருக்குக் காரணம் தேடும் சிரமமே இருக்கவில்லை. கொழும்பில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மகன் முஹ்யித்தீன், சரக்குக் கிட்டங்கி ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மூன்று மாதம் மாவுக்கட்டோடு படுத்திருக்க வேண்டும் என்று தந்தி வந்தது. தந்தியைப் படித்துச் சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் மனைவி நஃபீசா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போய் எம்புள்ளய பாக்கணும், மச்சான்."

தாய்மாமன் மகள், பதினாறு வயதில் கைப்பிடித்தவள். இத்தனை வருஷத்தில் அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. இப்போது கேட்கிறாள். ஆனால் அவளுக்கு ஐந்து வருஷமாகச் சீனி வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மக்தூமே கற்றுக்கொண்டு போடுவார். தாகம் தாகம் என்பாள், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், மணிக்கு ஒரு தரம் எழுந்து போவாள். ரயிலில் மாறி மாறி, கூட்டத்தில் இடிபட்டு, தனுஷ்கோடி போய்க் கப்பலேறுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

டாக்டர் மழுப்பாமல் சொன்னார். "மருந்து ஐஸ்லயே இருக்கணும். அவங்க தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். அடக்கவும் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் கொழும்புல அவங்கள உசிரோட இறக்க மாட்டீங்க, மரைக்காயரே. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

இப்படிச் சொன்னால் மக்தூம் எங்கே தூங்குவார்?

வழி ஒன்றுதான் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் அவர் வாங்கிப் போட்டிருந்த மோட்டார் படகு. முப்பது வயதுப் படகு. இஞ்சின் மட்டும் இன்னும் வாலிபமாக இருந்தது. தூத்துக்குடியில் விடியற்காலம் கிளம்பினால் இருபத்திரண்டு மணி நேரத்தில் கொழும்பு. ஆனால் அதிலிருந்த ஐஸ் பெட்டியின் துத்தநாகத் தகடு இற்று, உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. கக்கூஸின் பீங்கான் விரிசல் விட்டு, பம்பு இறுகிப் போயிருந்தது. இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

படகை ஓட்டும் தண்டல் அம்புரோஸைக் கூட்டிக்கொண்டு, கடற்கரை ரோட்டில் சுந்தரராஜ் வைத்திருந்த கொட்டகைக்குப் போனார். பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்டுப்போன சாமான்கள் அங்கே கூரை முட்டக் கிடந்தன. சுந்தரராஜ் ஒரு வெள்ளை அலமாரியின் கதவைத் திறந்து காட்டினான்.

"அண்ணாச்சி, இதுதான் ரெப்ரிஜிரேட்டர். அடியில மண்ணெண்ண வெளக்கு எரியும், மேல ஐஸ் பிடிக்கும்."

"நெருப்பு எரிஞ்சா ஐஸ் பிடிக்குமா? எவங்கிட்ட கத விடுத?"

"கைய வச்சுப் பாருங்க."

வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. மக்தூமுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. ஐஸ் தீர்ந்துபோகுமே என்ற பயமே வேண்டாம். எண்ணெய் இருக்கிற வரை குளிரும். "இதையே எடுத்துருவோம், அம்புரோஸ்" என்றார்.

அம்புரோஸ் லேசில் ஒன்றும் சொல்லாத மனுஷன். குனிந்து இரண்டு செங்கல்லை எடுத்தான், அலமாரியின் ஒரு பக்கத்துக்கு அண்டை கொடுத்துச் சாய்த்து வைத்தான். "கடல் இப்படித்தான இருக்கும், மொதலாளி. நாளைக்குக் காலையில வந்து பாப்போம்."

மறுநாள் வந்து பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே வெந்நீர் போடலாம் போலிருந்தது. சுந்தரராஜ் தலையைச் சொறிந்தான். மக்தூமுக்கு வியர்த்துவிட்டது. அம்புரோஸ் மட்டும் உடன் வராமலிருந்தால், நடுக்கடலில் வெந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பேனே என்று நினைத்து நினைத்து, வராத ஆபத்துக்காகவே அரை நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே பழையபடி ஐஸ் பெட்டிதான். ராமர் ஆசாரி தேக்குப் பலகையில் செய்து, உள்ளே புதுத் தகடு அடித்து, இரண்டு சுவருக்கும் நடுவே தக்கையும் உமியும் திணித்தான். ஐஸ் பாக்டரியிலிருந்து ஒரு பாளம் வாங்கி வைத்து, ஊறுகாய் ஜாடிக்குக் காவல் இருப்பது போல் மக்தூம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். இருபத்தாறு மணி நேரம் தாங்கியது. இருபத்திரண்டு போக நாலு மணி நேரம் மிச்சம். அந்த நாலு மணி நேரம் போதுமா என்று ஒரு வாரம் யோசித்தார்.

கக்கூஸுக்கும் இரண்டு வழி இருந்தது. வாளி வைத்த மர நாற்காலி, அல்லது பித்தளைப் பம்போடு கூடிய கப்பல் கக்கூஸ். நஃபீசாவிடம் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள்.

"வாளின்னா அத ஒருத்தர் எடுத்துட்டுப் போவணும்லா? அதுக்கு நான் கடல்லயே விழுந்துருவேன். பம்பு சத்தம் போடுமா?"

"லேசா போடும்."

"அப்ப ஆம்பளைய எல்லாருக்கும் கேக்கும்."

"இஞ்சின் சத்தத்துல எமனே கூப்பிட்டாலும் கேக்காது, புள்ள."

அப்படித்தான் பம்பு வந்தது. பொருத்துகிற அன்று மக்தூம் தன் வாப்பா காலத்துத் திசைகாட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். படகு தூத்துக்குடித் துறையில், மூக்கு வடக்கே பார்க்கக் கட்டிக் கிடந்தது. தொழும் திசையான கிப்லா மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து இருந்தது. அந்தத் திசையைப் பார்த்தும், அதற்கு முதுகு காட்டியும் கக்கூஸில் உட்காரக் கூடாது. அவர் ஊரான காயல்பட்டினத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கக்கூஸ் வடக்கு தெற்காகத்தான் இருக்கும்.

"தெக்கு பாத்து வையி, ஆசாரி."

ராமர் ஆசாரிக்கே ரோஷம் வந்துவிட்டது. "இத நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்? ஒங்க ஊர்ல நாப்பது கக்கூஸ் வச்சிருக்கேன், மொதலாளி."

ஆசாரி நூல் பிடித்தான், மக்தூம் திசைகாட்டி பிடித்தார். அணுவளவும் பிசகாமல், படகின் பின்பக்கம் பார்த்து, சுத்தமான தெற்கில் அது உட்கார்ந்தது. கடலுக்குப் போகிற குழாயோடு சேர்த்து இரும்பு ஆணி முடுக்கினார்கள். இனிக் கோடாலி போட்டாலும் அசையாது. இந்த ஒரு காரியத்திலாவது குறை வைக்கவில்லை என்று மக்தூம் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

விடியற்கால ஃபஜர் தொழுகை முடித்துக் கிளம்பினார்கள். இஞ்சினைப் பார்க்க ஒருவன், எடுபிடிக்கு ஒருவன், சுக்கானில் அம்புரோஸ். நஃபீசா திரை போட்ட அறைக்குள் இருந்தாள். முயல் தீவு தாண்டி, படகு கொழும்பை நோக்கித் தென்கிழக்கே மூக்கைத் திருப்பியதும், அவள் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டாள். மக்தூம் திசைகாட்டியைப் பார்த்துப் படகின் பின்பக்கமாகக் கை நீட்டினார். பாய் விரித்து, மகனுக்காக இரண்டு ரக்அத் தொழுது, நெடுநேரம் கையேந்தி அழுதாள். பிறகு எழுந்து கக்கூஸ் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமலே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மக்தூம் இதைக் கவனிக்கவில்லை. அவர் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பாளம் கரைகிறதா என்று பார்க்கத் திறப்பார். திறந்தால் குளிர் போய்விடுமே என்று பதறி மூடுவார். மூடியது சரியாக மூடியதா என்று பார்க்கத் திரும்பத் திறப்பார். கடைசியில் அம்புரோஸ்தான் சத்தம் போட்டான். "மொதலாளி, வெயிலு கரைக்கிறத விட நீங்கதான் கூட கரைக்கிய!"

உச்சிப்பொழுதுக்குத்தான் அவருக்கு உறைத்தது. காலையில் வைத்த செம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. நஃபீசாவின் உதடு வெடித்திருந்தது. பேச்சு குழறியது. கண்ணை மூடி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ரப்பே! தண்ணி குடிக்கலியா நீ? ஏன் குடிக்கல?"

"வேண்டாம், மச்சான்."

"என்ன வேண்டாம்? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? சாவப் போறியா?" கத்திவிட்டார். கத்தியதும் அவருக்கே அழுகை வந்தது.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "குடிச்சா போவணும். எப்படிப் போவ? நான் தொழுத பக்கத்தத்தான் அது பாத்துக்கிட்டு இருக்கு."

மக்தூமுக்கு முதலில் விளங்கவில்லை. திசைகாட்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து நின்றார். துறையில் தெற்கைப் பார்த்த கக்கூஸ், இப்போது ஏறக்குறைய நேராகக் கிப்லாவைப் பார்த்தது. படகு திரும்பும் என்பது நினைவில்லாமல், தரையில் வீடு கட்டுகிறவன் மாதிரி நூல் பிடித்து வைத்திருக்கிறார்! நாற்பது கக்கூஸ் வைத்த ஆசாரிக்கும் தோன்றவில்லை, நாலு தலைமுறையாகக் கடலில் பிழைத்த தனக்கும் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து கெஞ்சினார். "நாலு செவரு இருக்கு, கதவு இருக்கு. இப்படி கஷ்டத்துல குத்தமில்ல, நஃபீசா. மார்க்கம் படிச்ச எந்த ஆலிம்கிட்டயும் கேளு."

"குத்தமில்லன்னு எனக்கும் தெரியும்." அவள் குரல் தேய்ந்திருந்தது. "எம்புள்ளைக்காக கையேந்தின பக்கம், மச்சான். அதப் பாத்து அங்கன உக்கார எனக்கு மனசு வரல. அடிச்சாலும் வராது."

அவளை மக்தூமுக்குத் தெரியும். வராது என்றால் வராது. கொழும்புக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது. திரும்பித் தூத்துக்குடிக்குப் போனாலும் அந்தி தாண்டிவிடும். டாக்டரின் சொல் காதில் இரைந்தது. அவள் செத்துப்போவாள், என் கண் முன்னாலேயே, நான் ஆசையாக வைத்த கக்கூஸுக்குப் பக்கத்திலேயே செத்துப்போவாள் என்று நினைத்தார்.

அம்புரோஸிடம் போனார். எப்படிச் சொல்வது? பொஞ்சாதி கக்கூஸுக்குப் போகிற சமாச்சாரத்தை இன்னொரு ஆம்பிளையிடம் பேசுவதா? "கக்கூஸ... திருப்பி வைக்க முடியுமா, அம்புரோஸ்?" என்று கேட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு பாதியை மென்று பாதியை விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

அம்புரோஸ் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மரியாதை அவனுக்கு இருந்தது.

"அது குழாயோட முடுக்கினது, அசையாது. படகு அசையும்லா? மூக்க நேர் தெக்கே திருப்புனா அது வடக்க பாக்கும். சரிதான?"

"சரிதான். ஆனா அவ போற நேரமெல்லாம் படகு திரும்புனா... இவனுகளுக்குத் தெரிஞ்சுபோவுமே. அதுக்கும் சம்மதிக்க மாட்டா."

அம்புரோஸ் சுக்கானுக்கு மேலிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். "அப்ப கெடியாரம் பாத்துத் திருப்புவோம். மணிக்கு ஒரு தரம், பத்து நிமிசம். ஆரு போனாலும் போவாட்டாலும் திரும்பும். நீரோட்டம் பாக்கேன்னு பயலுவகிட்ட சொல்லிக்கிடுதேன். ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கிடுங்க. நீரோட்டம் எதுத்தாப்புல இருக்கு. சேர மூணு மணி நேரமாவது கூடும்."

மூன்று மணி நேரம். ஐஸில் மிச்சமிருந்த நாலில் ஒன்றைத் தன் கையாலேயே திறந்து திறந்து கரைத்திருந்தார். மருந்தா, தண்ணீரா? இரண்டில் ஒன்று தப்பினாலும் ஆள் இல்லை. மக்தூம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னார்.

"திருப்பு."

படகு தெற்கே திரும்பியது. மக்தூம் அறைக்குப் போய்த் திசைகாட்டியை நஃபீசாவின் கையில் கொடுத்தார். "மணிக்கு ஒரு தரம் படகு தானா திரும்பும். ஒனக்காக இல்ல, நீரோட்டத்துக்காக." அவள் முள்ளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, எழுந்து போனாள். வந்து ஒரு செம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

அதற்குப் பிறகு மக்தூம் ஐஸ் பெட்டியைத் தொடவில்லை. மாலை ஊசிக்கு ஒரே ஒரு தரம் திறந்து மூடினார். மணிக்கு ஒரு தரம் படகு திரும்பிற்று, நேரானது, மறுபடி திரும்பிற்று. இஞ்சின்காரன் மட்டும் "இந்தத் தண்டலுக்கு இன்னைக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கு?" என்று முணுமுணுத்தான்.

விடிந்து கொஞ்ச நேரம் கழித்துக் கொழும்புத் துறைமுகம் கண்ணில் பட்டது. காலை ஊசிக்காக மக்தூம் பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறந்தார். ஐஸ் இல்லை. ஒரு சில்லுகூட இல்லை. மருந்துக் குப்பிகள் தண்ணீரில் நின்றன. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். சில்லென்றிருந்தது. அப்படியே முழங்கை வரை தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அழுதார்.

"மச்சான்" என்று கூப்பிட்டாள் நஃபீசா. ஊசி போட்டு முடிந்திருந்தது. "அந்தப் பச்சத் தண்ணியில ஒரு டம்ளர் தாங்க. தாகமா இருக்கு."

எட்டிய தூரத்தில் துறைமுக வாசல். கரையேற அரை மணி நேரம்கூட இல்லை. கப்பல்களில் நின்றவர்கள் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊருக்குள், மாவுக்கட்டோடு படுத்தபடி மகன் காத்திருந்தான். இனித் திருப்ப வேண்டாம் என்று அம்புரோஸிடம் சொல்ல மக்தூம் வெளியே வந்தார்.

அம்புரோஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஏழு. யாரிடமும் கேட்காமல், அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, படகின் மூக்கைத் தெற்கே திருப்பினான். மக்தூம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, கடலைப் பார்த்தபடி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.