பத்து வெற்றிடங்கள்

மார்ச் மூன்றாம் நாள், பத்துப் பொய்கள் அச்சேறின. அச்சேற்றியவர்கள் அவற்றைப் பொய் என்று சொல்லவில்லை; 'படத்தைச் சற்றே சீர்செய்தோம்' என்றார்கள்.

அந்தப் படம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்காரி என்று எல்லாரும் அழைத்த பெண் எடுத்தது. பொன் தகட்டின் மேல் சுழலும் மூலக்கூறுகளை, ஒவ்வொன்றும் ஒரு குட்டி எந்திரம், அணிவகுத்து நிறுத்த அவளுக்கு ஈராண்டுகள் பிடித்தன. நுண்ணோக்கியின் ஊசிமுனை தகட்டைத் தடவி ஒரு படத்தை முடிக்க ஒன்பது மணி நேரமாகும். அதுவரை அறைக்குள் யாரும் நடக்கலாகாது. காலடி அதிர்ந்தாலும் படம் கெடும். 'உள்ளே வராதீர்கள்' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டு அவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நாளடைவில், பலகை இல்லாத நாள்களிலும் யாரும் வராமல் போனார்கள்.

படத்தில் மூலக்கூறு நிற்கவேண்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் பத்து காலியாக இருந்தன. துறைத்தலைவர், ஆய்வுக் கட்டுரையில் போடுவதற்காக, பக்கத்து மூலக்கூறின் உருவத்தை நகலெடுத்து அவற்றில் ஒட்டினார்.

"போட்டோ எடுக்கப் போனா தலை வாரிக்கிட்டுப் போறதில்லையாம்மா?" என்றார்.

"வாரலாம் சார். இல்லாத முடிய வரையலாமா?"

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார் அவர். "அப்போ கட்டுரையில உன் பேரு வேண்டாம்?"

"எடுத்துடுங்க."

எடுத்தும் விட்டார். கட்டுரை வெளிவந்த அன்று மாலை அக்காள் தொலைபேசியில் அழைத்தாள்.

"உன் பேரு எங்கடி? கண்ணாடி போட்டும் தேடிட்டேன்."

"அதுல இல்லக்கா."

"ரெண்டு வருஷமா வீட்டுப்பக்கம் எட்டிப் பாக்கல. அதெல்லாம் எதுக்குடி?"

பேசி முடித்ததும் அவள் கணினியைத் திறந்தாள். திருத்தாத மூலப்படம் அவளிடம் மட்டுமே இருந்தது. அதை இதழாசிரியருக்கு அனுப்பினால் கட்டுரை நீக்கப்படும். உண்மையாகவே வரிசையில் நின்ற முந்நூற்றிரண்டையும் பிறகு உலகம் நம்பாது. அது ஈராண்டு உழைப்பைத் தன் கையாலேயே குழிதோண்டிப் புதைப்பதாகும்.

மறுநாள் காலை அனுப்பினாள்.

இரண்டே வாரத்தில் கட்டுரை நீக்கப்பட்டது. உணவுக்கூடத்தில் அவள் தட்டை வைத்ததும் எதிரிலிருந்த சக ஆய்வாளர்கள், "எங்களுக்கு வேலை இருக்கு" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். ஆயினும் செய்ததற்கு அவள் வருந்தவில்லை.

படிப்பவரே, குறையே இல்லாத படம் ஒன்றை யாரேனும் உங்களிடம் நீட்டினால், மூலத்தைக் கேளுங்கள். துணிந்து அதைக் கொண்டுவருபவள் தனியாக உட்கார்ந்திருந்தால், உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் போய் அமருங்கள்.