துண்டுக்குள் பேரம்

வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர் நஞ்சப்பனுக்கு அறுபத்தாறு வயது வரைக்கும் சட்டை தேவைப்பட்டதில்லை. இடுப்பில் வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, அதுதான் அவருடைய கடை கண்ணி எல்லாம். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டே விலை பேசுவார். ஒரு விரல் ஒன்று, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து. வாய்விட்டு விலை சொல்கிறவன் தரகனே இல்லை என்பது அவர் கட்சி. கையை இறுக்கிக் குலுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் பேச்சு மாறுகிறவனை யாரும் கிட்டத்தில் சேர்ப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் மூத்திரம் அடைத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் புற்றுநோய், இடுப்பெலும்பிலும் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. ஆண் உடம்பில் ஊறுகிற சத்தைத் தின்றுதான் இந்த நோய் வளர்கிறது, அதை அடக்க மாத்திரையில் பெண் உடம்பின் சத்து என்று விளக்கினார். நஞ்சப்பனுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி ஆறு மாதத்தில் தானாகப் புரிந்தது.

இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் மார்பு இரண்டும் வீங்கி, முரட்டுத் துணி உரசினாலே சுரீர் என்றது. நேரங்கெட்ட நேரத்தில் உடம்பெங்கும் அனல் கிளம்பி வியர்த்துக் கொட்டியது. புதிதாய்த் தைத்த சட்டை அரை மணி நேரம்கூட மேலே தங்கவில்லை. கடைசியில் துவைத்துத் துவைத்து நைந்த அந்தத் துண்டையே மார்பை மறைத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, என்ர ரவிக்கை ஒண்ணு தரட்டுங்களா? அளவு சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி பெரியம்மாள்.

"போ புள்ளே, உனக்கு எகத்தாளம்!"

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் கேலி செய்கிற வேலை அவருடையது. அதையும் பறிகொடுத்தாயிற்று.

ஐப்பசிச் சந்தையில் மானமே போனது. ஒரு ஜோடி எருது வாங்க வந்த பழனிச்சாமி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். துண்டை எடுத்தால்தான் பேரம், எடுத்தால் மார்பு தெரியும். நஞ்சப்பன் குனிந்து அவன் காதில் விலையைச் சொன்னார். அது எருதுக்காரன் காதிலும் விழுந்தது. விலை வெளிப்பட்ட கோபத்தில் அவன் எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

"என்னுங்கண்ணா, குளுருதுங்களா?" என்றான் பழனிச்சாமி, மண்டையைப் பிளக்கிற வெயிலில்.

அன்றோடு மாத்திரையை விட்டார். பெரியம்மாள் கொடுக்கும்போது வாயில் போடுவதுபோல் கையைக் கொண்டுபோய்த் தண்ணீரை மட்டும் குடிப்பார். கைக்குள் விலையை ஒளித்தவருக்கு மாத்திரை எம்மாத்திரம்? வீசியெறிய மட்டும் மனம் வரவில்லை. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயில் போட்டுவைத்தார். மார்பு வற்றவில்லை. இடுப்பு வலிதான் திரும்பி வந்தது. வாய்வு என்று சொல்லிச் சமாளித்தார்.

கன்றுக்குட்டிக்கு வயிறு உப்பிய அன்று பெரியம்மாள் குழாயை எடுத்துக் கவிழ்த்தாள். பத்தொன்பது மாத்திரைகள் கொட்டின.

அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, மருந்து குடிக்காத மாட்ட என்ன பண்ணுவீங்க?"

"கொழாய வெச்சு ஊத்துவேன்."

"எடுத்தாரட்டுங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்திருந்ததால் முடியவில்லை. பெரியம்மாள் எட்டி, அவர் மார்பிலிருந்த துண்டை உருவினாள். அவர் கூசிக் குறுகினார். அவள் மார்பைப் பார்க்கவே இல்லை. அவர் கையைப் பிடித்து, துண்டால் மூடினாள்.

துண்டுக்குள் அவர் கையை முழுக்கப் பிடித்தாள். விட்டு, மறுபடியும் முழுக்கப் பிடித்தாள். பத்து. இவள் எப்போது இதைக் கற்றுக்கொண்டாள் என்று அவருக்குத் திகைப்பு.

"பத்து என்ன?"

"வருசமுங்க."

"கெழட்டு மாட்டுக்கு ஆரு புள்ளே இந்த வெல குடுப்பா?"

"எனக்கு வேணும், நான் கேக்கறேன். நீங்க இல்லாத ஊட்டுல எனக்கு என்னுங்க வேல?"

பழக்க தோஷம், அவர் விரல் தானாகப் பேரம் பேசியது. இரண்டு விரலைத் தொட்டார். அவள் தலையாட்டவில்லை. மூன்று. அசையவே இல்லை. கடைசியில் அவள் கையை முழுக்கப் பிடித்தார். ஐந்து. அவள் சட்டென்று இறுக்கிக் குலுக்கிவிட்டாள்.

நஞ்சப்பன் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார்.

அடுத்த சந்தையில் பழனிச்சாமி ஒரு காளைக்குக் கை நீட்டினான். நஞ்சப்பன் மார்பிலிருந்து துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார். அக்கம்பக்கத்துத் தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழனிச்சாமியின் கண் காளையை விட்டு அவர் மார்புக்கு வந்தது.

"என்னைய என்னத்தப் பாக்கற?" என்றார் நஞ்சப்பன். "என்ர பேரம் ஊட்டுலயே முடிஞ்சுதப்பா. அந்தக் காளைக்கு வெலயச் சொல்லு."