பெயர் போடாத அறிவியல் புத்தகம்

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். வம்பு மட்டும் தமிழில். ஆனையூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எனக்குத் தெரியும் என்று என் வீட்டுக்காரர் லட்சுமிநாராயணன் சொல்வார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் வரை.

பக்கத்து வீட்டுப் பியூலா தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். முதலில் எனக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்மா, பீஸ் கட்ட முடியலையா?" என்று கேட்டே விட்டேன். "கர்த்தருக்குள்ள வளர்க்கணும்னு ஆசைக்கா" என்றாள். பேரையூர், திருமங்கலம், மேலூர், அப்புறம் இவள் என்று நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து இப்படிச் செய்கிறார்கள். ஒவ்வொரு அம்மாவும் வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அறிவியல் பியூலாவுடையது.

அடுத்த வருஷத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. மாதிரிப் புத்தகங்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் வீடு வீடாகப் போகும். ஆளுக்கு நான்கு நாள். படித்துப் பார்த்து, பிடித்தது எது என்று ஒரு துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதி, கவரில் ஒட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஒருத்தர் சொன்னதைப் பார்த்து இன்னொருத்தர் மாறக்கூடாதாம். கடைசியில் ஒரு சனிக்கிழமை மேலூரில் கூடி, ஜெபம் பண்ணிவிட்டுக் கவர்களைப் பிரிப்பார்கள்.

இந்த வருஷம் அறிவியலுக்கு இரண்டு. ஒன்று அமெரிக்காவில் அச்சிட்டது; பளபளவென்று, பக்கத்துக்குப் பக்கம் பனி. இன்னொன்று தமிழில், சுருள்கம்பி போட்டது, எழுதியவர் பெயரே இல்லாதது. எழுதியது பியூலாதான். இரண்டு வருஷமாக அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். நாலு காப்பி போட்டதை ஜெராக்ஸ் கடை ஆண்டிச்சாமியிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். பெயர் தெரிந்தால் முகத்துக்காக நல்லது சொல்வார்கள், இல்லையென்றால் முகத்துக்காகவே தள்ளிவிடுவார்கள் என்று அவள் போடவில்லை. இதை அவளே ஒருநாள் என்னிடம் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றாள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மேலூர் ஜெபக்கனி வந்து வாங்கிக்கொள்வாளாம். பெட்டிக்குள் மூன்று கவர்கள்.

பிரிக்கக்கூடாது என்று தெரியும். இட்லிக் கொப்பரையின் ஆவியில் காட்டினால் பசை விட்டுக்கொடுக்கும் என்பதும் தெரியும்.

முதல் சீட்டில்: "தமிழ்ப் புத்தகம் யாருடையது? கண்மாய்ப் பாடத்தைப் படித்துவிட்டு என் மகன் உடனே மடை பார்க்கக் கிளம்பிவிட்டான். இதையே எடுப்போம்." இரண்டாவதில்: "அமெரிக்கப் புத்தகம் அழகு. ஆனால் தமிழ்ப் புத்தகம் பிள்ளையை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. என் ஓட்டு இதற்கே." மூன்றாவது பியூலாவின் கையெழுத்து: "எனக்கு எது என்றாலும் சம்மதம்." தன் புத்தகத்துக்குத் தானே ஓட்டுப் போட மனம் வரவில்லை அவளுக்கு.

மூன்றையும் பழையபடி ஒட்டி வைத்தேன். அத்தோடு வாயையும் ஒட்டியிருக்கலாம்.

ஜெபக்கனி எம்.எஸ்சி. படித்தவள், கார் ஓட்டுகிறவள். காபியைக் குடித்துக்கொண்டே சுருள்கம்பிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"நல்லாருக்கே ஆன்ட்டி. எந்தச் சபை ஊழியக்காரங்க போட்டதோ?"

"ஊழியக்காரங்களா? நம்ம ஆண்டிச்சாமி ஜெராக்ஸ் கடையில போட்டது!"

"யாரு எழுதுனது?"

"எல்லாம் நம்ம பியூலாதான். படிச்சது பன்னெண்டு, அதுலயும் ஒரு அட்டெம்ப்ட் எச்சா. எழுதுறது சயின்ஸ் புத்தகம்! எம்புட்டுத் தைரியம் பாருங்க."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று இன்றைக்கும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சீட்டில் படித்ததைச் சொல்லாமல், சிரிப்புக்கு ஆனதை மட்டும் சொன்னேன். அதுதான் உண்மை.

சனிக்கிழமை மாலை பியூலா மேலூரிலிருந்து வந்து நேராக என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"முடிஞ்சிருச்சுக்கா. அது நான் எழுதுனதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. ஜெபக்கனி சிஸ்டர் நேத்தே எல்லாருக்கும் போன் போட்டுட்டாங்க. என் புத்தகத்த நானே திருட்டுத்தனமா உள்ள வச்சேனாம். கவரெல்லாம் செல்லாதுன்னு பிரிக்காமயே கிழிச்சுட்டு, கை தூக்கச் சொன்னாங்க. மத்த மூணு கையும் அமெரிக்காவுக்கு."

"செவ்வாய்க்கிழமை?"

"இங்கிலீஷ்ல நான் எப்பிடி எடுக்க முடியும்? சயின்ஸ் ஜெபக்கனி சிஸ்டருக்கு. எனக்குத் தையல் குடுத்துட்டாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆண்டிச்சாமி அண்ணேதான் சொல்லியிருக்கணும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப் போறேன்."

எழுந்தே விட்டாள். தெருவில் இன்னொருவன் தலையில் விழட்டும் என்று நான் எத்தனையோ தடவை சும்மா இருந்தவள்தான். அன்றைக்கு முடியவில்லை.

"பியூலா, உக்காரு. சொன்னது நான்."

பன்னெண்டு, அட்டெம்ப்ட், ஜெராக்ஸ் கடை, சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆவி பிடித்த கதையையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சமமாகியிருப்பேன்.

"கவர்ல என்ன எழுதியிருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதையும் பார்த்ததையும் ஓர் எழுத்து மாறாமல் சொல்கிற வரம் எனக்கு உண்டு. சொன்னேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். திருப்பிச் சொன்னேன். மடை பார்க்கக் கிளம்பிய பையன் வந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு என் மளிகை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முன்னால் வைத்தாள். "இம்புட்டையும் எழுதுங்க. கவரப் பிரிச்சது, உள்ள இருந்தது, நீங்க சொன்னது. கீழ கையெழுத்துப் போடுங்க."

"கையெழுத்தா?"

"ஆமா."

அறுபது வயதுக்கு நான் சொன்ன எந்தச் சேதிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. பேனா நகரவே மாட்டேன் என்றது. 'சாரதாம்பாள்' என்று போட்டு முடித்ததும் அவள் அதைப் போட்டோ எடுத்து, என் எதிரிலேயே அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் போன் அடித்தது. பேரையூர் அம்மா. பியூலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டர், மொத சீட்டு நான் எழுதுனது. போன்ல அவங்க சொன்னதக் கேட்டு நேத்து மாறிட்டேன், என்னை மன்னிச்சுருங்க. மத்தவங்க எத வேணும்னாலும் எடுக்கட்டும். என் ரெண்டு பிள்ளைகளும் செவ்வாக்கிழமை உங்ககிட்டதான் வரும். எனக்கு ஒரு காப்பி போட்டு வைங்க."

"சரி சிஸ்டர்" என்றாள் பியூலா.

திருமங்கலத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேலூரிலிருந்து, "புத்தகம் ஆர்டர் போட்டாச்சு" என்று ஒரு வரி வந்தது.

நாலில் ஒன்று. என் வாய்க்கு முன்னால் அது நாலில் இரண்டு. ஜெபக்கனியும் அன்று நல்லாருக்கு என்றாளே, சேர்த்தால் மூன்று.

"காபி போடட்டுமா?" என்றேன்.

"வேணாங்க்கா. வாரேன். செவ்வாக்கிழமைக்குப் பாடம் பாக்கணும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.