பின்னிருக்கைக்கு ஓர் ஆள்

எடைமேடையில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிந்துவந்த அம்மையாருக்கு லாரி ஓட்டுநர்கள் சூட்டியிருந்த பெயர் 'பத்துக் கிலோ'. எவ்வளவு கெஞ்சினாலும் எடைச்சீட்டில் பத்துக் கிலோவைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால் வந்த பெயர் அது. அவருக்கும் அது தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வீட்டிலிருந்து எடைமேடைக்கு ஓடிய ஒரே பேருந்தையும் நிறுத்திவிட்டபோது, கணவர் விட்டுச்சென்ற மொபெட்டை ஓட்டப் பழகுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வண்டி மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வைக்குள் கிடந்தது. அம்மையார் எதையும் முறைப்படியே தொடங்குபவர். பதிவுச் சான்றைத் தம் பெயருக்கு மாற்றினார், இன்ஷூரன்ஸ் எடுத்தார், விரிசல் விட்ட பக்கக் கண்ணாடியை மாற்றினார், சிவப்பு 'எல்' எழுத்தை அடிக்கோல் வைத்து அளந்து முன்னும் பின்னும் ஒட்டினார். பழகுநர் உரிமத்தோடு கொடுத்த கையேட்டைப் புரட்டியபோது ஒரு வரியில் கண் நின்றது. 'பழகுநர், உரிமம் பெற்ற ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே வாகனத்தை ஓட்டலாம்.'

உடனிருக்க யார் இருக்கிறார்கள்? விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரே ஒரு விரல்தான் மடங்கியது.

அது கணவரின் தங்கை. ஸ்கூட்டரில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வேலை. இருவருக்குள்ளும் சண்டை என்று ஒன்றுமில்லை. இடையில் இருந்தவர் போன பிறகு, போக்குவரத்தும் மெல்லக் குறைந்துபோயிருந்தது, அவ்வளவே.

"சொல்லுங்க அண்ணி. யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் நாத்தனார், தொலைபேசியை எடுத்தவுடனே.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. சட்டப்படி எனக்கு ஒரு ஆள் வேணும்."

விவரத்தைக் கேட்ட நாத்தனார் சற்று யோசித்தார். "நான் லைசென்ஸ் எடுத்தப்ப இப்படியெல்லாம் இல்லையே. சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். காலைல ஆறு மணிக்கு வரேன். டீ மட்டும் போட்டு வைங்க."

மறுநாள் வந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அண்ணனின் ஹெல்மெட்டை, கேட்காமலே எடுத்து மாட்டிக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார்.

"அண்ணி, அந்த நாய் நம்மள முந்திட்டுப் போகுது."

"போகட்டும். அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது. அம்மையார் பதறிப் பிரேக்கை அழுத்த, நாத்தனாரின் ஹெல்மெட் அவருடைய ஹெல்மெட்டின் மேல் டொக்கென்று இடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த டொக் தவறாமல் கேட்டது. அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் இருந்து எத்தனை நாளாயிற்று என்று அம்மையார் கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

நான்காம் நாள் மாலை, இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வில், கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். தாம் படித்திருந்த வரி கார்களுக்கான அதிகாரத்தில் இருந்தது. மொபெட்டுக்குத் தனி அதிகாரம் இருந்தது. 'பழகுநர் பின்னிருக்கையில் எவரையும் ஏற்றிச் செல்லலாகாது.' இருமுறை படித்தார். கையேட்டை மூடி, மேசை இழுப்பறையில் எடைச்சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் காலையிலும் டீ போட்டு வைத்தார். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த வாரம் முழுவதும்.

தேர்வு நாளன்று இருவரும் மொபெட்டிலேயே மைதானத்துக்குப் போய் இறங்கினார்கள். ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேருமா இதுல வந்தீங்க?"

"ஆமா சார்," என்றார் நாத்தனார் பெருமையாக. "சட்டப்படி ரெண்டு வாரமா கூடவே வரேன்."

"எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? மொபெட் பழகறவங்க பின்னாடி யாரையும் ஏத்தவே கூடாது. கூட ஆள் வேணும்ங்கறது காருக்கு."

நாத்தனாரின் முகம் சுருங்கியது. இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க அண்ணி புத்தகம் பார்க்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாங்க சார். தெரியாம நடந்திருக்கும்."

"தெரியாம நடந்ததுன்னா எழுதிக் குடுத்துட்டு இன்னிக்கே டெஸ்டுக்குப் போகலாம். தெரிஞ்சே ஏத்தியிருந்தா ஒரு மாசம் கழிச்சுத்தான் வரணும்." ஆய்வாளர் அம்மையார் பக்கம் திரும்பினார். "என்னம்மா, எதுன்னு எழுத?"

நாத்தனார் அண்ணியின் முழங்கையை லேசாக இடித்தார். ஒரே ஒரு சொல் போதும். யாருக்கும் நட்டமில்லை.

"தெரியும் சார்," என்றார் அம்மையார். "நாலாம் நாளே படிச்சுட்டேன்."

ஆய்வாளர் அடுத்த மாதத் தேதி ஒன்றை எழுதிக் கொடுத்தார். இருவரும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்தார்கள்.

"என்கிட்ட அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. அவர் முன்னாடி என்னை அசடாக்கிட்டீங்க."

"சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்பியா?"

நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு," என்றபடி வந்து நின்ற பேருந்தில் ஏறினார். பேருந்து நகர்ந்த பிறகே, சன்னலோரம் அமர்ந்திருந்தவரின் மடியில் அந்த ஹெல்மெட் இருப்பது அம்மையாரின் கண்ணில் பட்டது. மறந்துபோய் எடுத்துச் சென்றாரா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் காதில் விழும் தொலைவுதான். அம்மையார் கூப்பிடவில்லை.

தம் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். இப்போது எல்லாம் சட்டப்படியே இருந்தது. பின்னால் எடை குறைந்திருப்பது கைப்பிடியிலேயே தெரிந்தது. எத்தனை கிலோ என்றுகூட அவரால் சொல்லிவிட முடியும். முதல் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தியபோது, பழக்கதோஷத்தில் கழுத்தை விறைத்துக்கொண்டு, வராத அந்த டொக்குக்காகக் காத்திருந்தார்.